பத்தொன்பதாம் வரி

டோலிடோ நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்
வெந்நீர்க் குழாய் இருமும் ஓர் அறையில்
எனக்கு வேலை:
ஏலம் போன வீடுகளின் மிச்சத்துக்குக் கணக்கு வைப்பது.

வரி பாக்கி மூவாயிரத்துச் சொச்சம்.
ஷெரீஃப் ஏலத்தில் வீடு போனது முப்பத்தெட்டாயிரத்துக்கு.
பாக்கி போக, வட்டி போக, வழக்குச் செலவு போக,
புல் வெட்டாததற்கான அபராதமும் போக
இருபத்தொன்பதாயிரத்து நூற்றுப் பதினொரு டாலர்.
வீட்டை இழந்தவருடையது அது.
சட்டத்துக்கு அதில் சந்தேகமே இல்லை.
கடிதம் போட்டுத் தெரிவிக்கிறோம்,
கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு.

அதாவது
நாங்களே பூட்டு மாற்றிய கதவுக்கு.

திரும்பி வரும் உறைகளின் நெற்றியில் மஞ்சள் ஒட்டு.
இழுப்பறை நிறைந்தால் அட்டைப்பெட்டி.
பெயர்கள் மட்டும் அச்சாகி நடைகூடச் சுவரில் தொங்கும்,
குடிநீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் நடுவே.
நின்று படிப்பவர்கள் கோட்டு போட்ட இளைஞர்கள்.
செல்பேசியில் படம் பிடித்துப் போவார்கள்.
மறுநாள் எங்கோ ஒரு சமையலறையில் மணி அடிக்கும்:
"உங்களுக்குப் பணம் கிடக்கிறது.
எங்கே என்று சொல்ல மாட்டேன்.
நாற்பது சதம் எனக்கு."

மூன்று வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால்
கவுண்டி எடுத்துக்கொள்ளும்.
போன வருடம் எடுத்ததில்
நடைகூடத்துக்குப் புது விளக்கு போட்டார்கள்.
பட்டியல் இப்போது பளிச்சென்று தெரிகிறது.

அவளைப் பார்த்தது டார் தெருச் சலவைக்கடையில்.
பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் ஜாக்கெட்,
மார்பில் சிவப்பு நூலில் தைத்த பெயர்:
வெர்லீன் டகிள்.
உலர்த்தியில் காசு போட்டுக்கொண்டிருந்தாள், எண்ணி எண்ணி.

ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி.
டார்லா அதைப் பெரிய எழுத்தில் அடித்து
என் கணினியின் தலையில் ஒட்டியிருக்கிறாள்.
பெயரைச் சொல்வது ஆலோசனையா?
துணி சுற்றுவதையே பார்த்தபடி சொன்னேன்:
"நீதிமன்றச் சுவர். நாலாம் பக்கம். பத்தொன்பதாம் வரி."

"இன்னொரு வரியா?" என்றாள்.
"அதான் வீட்டையே எடுத்துக்கொண்டீர்களே."

வியாழக்கிழமை வந்தாள்.
பத்திரத்தில் இரண்டு பெயர்.
தம்பி கார்னெல் கட்டுவதாகச் சொன்னானாம்.
கட்டிவிட்டதாகவும் சொன்னானாம்.
பிறகு செத்துப்போனான்.
அவன் செத்ததற்குச் சான்றிதழ்,
அவள் அவனுக்கு அக்கா என்பதற்கு ஒன்று,
அவள் அவள்தான் என்பதற்கு நோட்டரி முத்திரை.
நாலு வியாழக்கிழமை போயிற்று.

படிவத்தில் ஒரு கட்டம்:
'சொத்தோடு உமக்குள்ள உறவு.'
அரை அங்குல இடம்.
பேனாவை வாயில் வைத்து யோசித்து எழுதினாள்:
'கொதிகலனை இரண்டு தடவை மாற்றியது நான்.'
முன்னாள் உரிமையாளர் என்று போடுங்கள் என்றேன்.
அடித்துத் திருத்தி,
திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தாள்.
முகவரிக் கட்டத்தில் பேருந்துப் பணிமனை.

காசோலை ஏழாவது வாரம் போனது. திரும்பி வரவில்லை.
வாங்கியவன் கதவுக்குப் பச்சை அடித்திருக்கிறான் என்று
ஒருநாள் வந்து என்னிடம் சொன்னாள்,
அதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்பதுபோல.

அவள் பெயரை எடுத்ததும்
கீழே இருந்தவர்கள் ஒருபடி மேலே ஏறினார்கள்.
பத்தொன்பதில் இப்போது அகஸ்ட் சாபோ.
ஆறாயிரத்து நானூறு டாலர். அக்டோபரில் கெடு.
ஆள் உயரமா குட்டையா, உயிரோடா, தெரியாது.
சனிக்கிழமைகளில் என் வீட்டு இயந்திரத்தை விட்டுவிட்டு
டார் தெருவுக்குத் துணி மூட்டையைச் சுமந்து போகிறேன்.
எல்லோர் சட்டையிலும்
பெயர் தைத்திருப்பதில்லை.